ஸ்ட்ரெஸ் குறைய எந்த மசாஜ், எப்படி செய்யறது

டென்ஷன் ஏறினா அது மனசோட நிக்காது. தோள் ரெண்டும் தானா காது பக்கமா தூக்கிக்கும், தாடை இறுகிடும், பிடரி கல்லு மாதிரி ஆயிடும், சாயங்காலம் ஆனா தலைவலி வந்து நிக்கும். இதுக்கு மசாஜ் நல்லாவே கேக்கும், ஆனா வலிக்க வலிக்க அமுக்கினா தான் மசாஜ்னு நிறைய பேர் நினைச்சுட்டு இருக்காங்க, ஸ்ட்ரெஸ்ஸுக்கு அது ஆகவே ஆகாது. வலிச்சா உடம்பு இன்னும் இறுக்கிக்கும், நமக்கே தெரியாம மூச்சை அடக்கிப்போம். முடி இருக்கற தோல்ல மெதுவா தடவறதை உணர்றதுக்குன்னே ஒரு வகை நரம்பு இருக்கு, வெதுவெதுப்பான கை செகண்டுக்கு 1ல இருந்து 10 சென்டிமீட்டர் வேகத்துல நகரும்போது தான் அது நல்லா வேலை செய்யும். அதாவது மணிக்கட்டுல இருந்து முழங்கை வரைக்கும் தடவிட்டு போக ஒரு 5, 6 செகண்ட் எடுத்துக்கணும். அவ்வளவு நிதானம் வேணும்.

வெளிய காசு குடுத்து போறதுக்கு முன்னாடி வீட்டுலயே எண்ணெய் தேய்ச்சு தலை மசாஜ் பண்ணி பாருங்க. ஆம்பளைங்களுக்கு புதன் சனி, பொம்பளைங்களுக்கு செவ்வாய் வெள்ளின்னு நாள் வச்சு நம்ம வீடுகள்ல செஞ்சுட்டு இருந்தது தான், இப்ப தீபாவளிக்கு மட்டும்னு ஆயிடுச்சு. நல்லெண்ணெய் ஒரு சின்ன கிண்ணத்துல எடுத்து, அந்த கிண்ணத்தை சுடுதண்ணிக்குள்ள வைங்க, நேரா அடுப்புல வச்சா சட்டுனு சூடேறி கை பொறுக்காது. உச்சந்தலைல வச்சுட்டு விரல் நுனியால, நகம் படாம தேய்க்கணும், முடி மேல விரல் வழுக்கிட்டு போகக்கூடாது, விரல் ஒரே இடத்துல ஊன்றி இருக்க தலைத்தோல் தான் நகரணும், இதை நிறைய பேர் கவனிக்கறதே இல்லை. அப்படியே நெத்திப்பொட்டு, காதுக்கு பின்னாடி, அப்புறம் மண்டையும் கழுத்தும் சேர்ற இடத்துல ரெண்டு பக்கமும் சின்ன பள்ளம் இருக்கும், அங்க கட்டைவிரலை வச்சு லேசா அழுத்தி, மூச்சை விட்டுட்டே சின்ன வட்டமா சுத்துங்க. கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து வேலை பாக்கறவங்களுக்கு இறுக்கம் முக்காவாசி இந்த இடத்துல தான் இருக்கும். 10, 15 நிமிஷம் செஞ்சுட்டு, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, வெந்நீர்ல சீயக்காயோ அரப்போ போட்டு குளிச்சிடுங்க. பாத்ரூம் தரையில எண்ணெய் சொட்டியிருந்தா முதல்ல அதை கழுவி விடுங்க, வயசானவங்க இருக்கற வீடுன்னா ரொம்ப முக்கியம்.

ஆபீஸ்ல இருக்கும்போது எண்ணெய் எல்லாம் முடியாது. வலது கையால இடது தோளோட மேல் சதையை முழுசா பிடிச்சு, 5 செகண்ட் அப்படியே வச்சு விட்டுடுங்க, கழுத்துல இருந்து தோள் முனை வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா நகர்த்தி, அப்புறம் அடுத்த பக்கம். பாதத்துக்கு ஒரு டென்னிஸ் பால் போதும், நாற்காலில உக்காந்துட்டே குதிகால்ல இருந்து விரல் வரைக்கும் உருட்டினா நாள் முழுக்க நின்னு வேலை பாக்கறவங்களுக்கு அவ்வளவு சுகமா இருக்கும். பாதத்துல இந்த புள்ளி கிட்னிக்கு, இந்த புள்ளி லிவருக்குன்னு படம் போட்டு சொல்றாங்களே, அதுக்கு சரியான ஆதாரம் கிடையாது, ஆனா பாதத்தை பிடிச்சு விட்டா உடம்பு தளர்றது நிஜம்.

காசு குடுத்து போறீங்கன்னா, முதல் தடவைக்கு ஸ்வீடிஷ் மசாஜ் தான் நான் சொல்வேன், நீளமா தடவி, சதையை பிசைஞ்சு, லேசா தட்டி விடுவாங்க. டீப் டிஷ்யூன்னு ஆழமா அமுக்கி செய்யற மசாஜ் வேற, அது ரொம்ப நாளா ஒரே இடத்துல முடிச்சு விழுந்த சதைக்கு, வெறும் மனசு களைப்புக்கு அது தேவையே இல்லை. தாய்லாந்து மசாஜ்ல எண்ணெய் கிடையாது, தளர்வான துணி போட்டு தரையில பாய் மேல படுக்க வச்சு கை காலை இழுத்து வளைச்சு விடுவாங்க, பாங்காக்ல வாட் போ கோயில் இதுக்கு பேர் போன இடம், 2019ல யுனெஸ்கோ பாரம்பரிய பட்டியல்லயும் இது சேர்ந்துச்சு. உடம்பு விறைப்பா இருக்கறவங்களுக்கு நல்லது, முதுகெலும்பு பிரச்சனை இருந்தா வேண்டாம். தூக்கம் வராம மனசு ஓடிக்கிட்டே இருக்கறவங்க கேரளா பக்கம் செய்யற சிரோதாரா பத்தி கேட்டு பாருங்க, கண்ணை மூடி படுத்திருக்க நெத்தி மேல வெதுவெதுப்பான எண்ணெய் நூலா விழுந்துட்டே இருக்கும், யாரும் அமுக்கறதே இல்லை, பாதியிலயே தூங்கிடறவங்க உண்டு. எங்க போனாலும் அழுத்தம் ஜாஸ்தியா இருந்தா வாயைத் திறந்து சொல்லிடுங்க, பல்லைக் கடிச்சுட்டு படுத்திருக்காதீங்க. வயிறு நிறைய சாப்பிட்டுட்டு போகவும் வேண்டாம்.

காய்ச்சல், தோல்ல புண்ணு, எலும்பு முறிவு இருந்தா மசாஜ் கூடாது. ஒரு கால் மட்டும் திடீர்னு வீங்கி வலிச்சா அதை தேய்க்கவே தேய்க்காதீங்க, உள்ள ரத்தம் உறைஞ்சிருக்கலாம், டாக்டர் பார்த்துட்டு சொல்லட்டும். கர்ப்பிணிங்களும், ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்களும் கேட்டுட்டு தான் செய்யணும்.

இன்னொன்னு, முடி வெட்ட போற இடத்துல தலையை பிடிச்சு சடக்குனு திருப்பி நெட்டி எடுப்பாங்களே, அதை தயவுசெஞ்சு பண்ண விடாதீங்க. கழுத்தெலும்பு வழியா மூளைக்கு போற ரத்தக்குழாய் அந்த வேகத்துல கிழிஞ்சு பக்கவாதம் வர்ற வரைக்கும் போகலாம். அரிதா தான் நடக்கும், ஆனா நடந்தா திரும்ப சரி பண்றது கஷ்டம். லேசா அமுக்கி விடுங்க, திருப்ப வேண்டாம்னு உக்காரும்போதே சொல்லிடுங்க. ஏற்கனவே பண்ணிட்டு வந்தப்புறம் கழுத்துல புதுசா கடுமையான வலி, தலைசுத்தல், பேச்சு குழறல், பார்வை ரெண்டா தெரியறதுன்னு எது வந்தாலும் படுத்து பார்க்கலாம்னு இருக்காதீங்க, அப்பவே ஆஸ்பத்திரிக்கு போயிடுங்க, கழுத்தை திருப்பினதையும் டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க.