பெங்களூரில் தோற்றுவிட்டுக் குழந்தை குட்டியோடு ஊர் திரும்புவது எப்படி?

சென்னையின் எஃப்சி கால்பந்து அணியின் வெளியூர் ஆட்டங்களில், குடும்பத்தோடு போய்வரச் சுலபமானது பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியம். தோற்றால் அதிகம் கடுப்பேற்றுவதும் அதுதான். அதனால் பயணத்தை ஆட்டத்திலிருந்து தொடங்கித் திட்டமிடாதீர்கள். கடைசி விசிலுக்கும் ரயிலுக்கும் நடுவே இருக்கும் ஒன்றேகால் மணி நேரத்தை முதலில் கணக்குப் போட்டுவிட்டு, மற்றதைப் பின்னோக்கி அடுக்குங்கள்.

ஏழரை மணி ஆட்டம் 9.20, 9.25 வாக்கில் முடியும். வெளியூர் ரசிகர்களைச் சில நாள் கடைசியாகத்தான் வெளியே விடுவார்கள். அதற்குக் கால் மணி ஒதுக்குங்கள். கப்பன் பார்க் மெட்ரோ ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். ஆறு வயதுப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தால் இருபது நிமிடம். அங்கிருந்து விதான சௌதா, சென்ட்ரல் காலேஜ், மெஜஸ்டிக், அதற்கடுத்து ரயில் நிலையம். ஆக 10.20 ஆகிவிடும். சென்னை மெயில் கிளம்புவது 10.40 வாக்கில், அன்றைய நேரத்தை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இருபது நிமிடம் இருக்கிறதே என்று தெம்பாக இருக்க வேண்டாம். மெட்ரோ இறக்கிவிடுவது ரயில் நிலையத்தின் பின்வாசலில், 10-ஆம் பிளாட்பாரம் பக்கம். வண்டி முன்பக்கம் நின்றால், தூங்கிவிட்ட பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அத்தனை பிளாட்பாரத்தையும் கடக்க வேண்டும். படியேறி இறங்கவே ஏழெட்டு நிமிடம் போய்விடும். மெட்ரோ டிக்கெட்டை வாட்ஸ்அப்பில் முன்கூட்டியே எடுத்து வையுங்கள். ஆட்டம் முடிந்த நேரத்தில் கவுன்டர் வரிசையில் நின்றால் ரயிலை மறந்துவிட வேண்டியதுதான். ரொம்பத் தாமதமானால் மெஜஸ்டிக் பக்கம் போகாமல் ஆட்டோ பிடித்துக் கன்டோன்மென்ட் ரயில் நிலையத்துக்குப் போங்கள். மெயில் அங்கேயும் நிற்கும், பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து.

தோற்றால் வெளியேற வேண்டிய நாக்-அவுட் ஆட்டத்துக்கு இந்தக் கணக்கு உதவாது. கூடுதல் நேரம் முப்பது நிமிடம், பெனால்டி என்று போனால் பத்தேகால் தாண்டிவிடும். அதற்கு ஓர் இரவு ரூம் போட்டு, மறுநாள் காலை வண்டியில் திரும்புவதே சரி.

டிக்கெட்: ரயில் முன்பதிவு இப்போது 60 நாள்தான். 5 முதல் 11 வயது வரை பெர்த் கேட்டால் முழுக் கட்டணம். இரவு வண்டியில் கேட்டே விடுங்கள். தோற்றுவிட்டு வரும் அப்பாவும் அழுது முடித்த பிள்ளையும் ஒரே பெர்த்தில் படுக்க முடியாது. ஆட்டத் தேதியும் நேரமும் டிவி ஒளிபரப்புக்காக மாறக்கூடியவை என்பதால் ரத்து செய்தாலும் பணம் பெரிதாகப் போகாத வகுப்பில் போடுங்கள். ஸ்டேடியத்தில் வெளியூர் ரசிகர்களுக்கென்று குறித்த பகுதியில் மட்டும் இடம் வாங்குங்கள். கைக்குழந்தைக்கும் டிக்கெட் வேண்டுமா என்பதைப் புக்கிங் பக்கத்திலேயே பாருங்கள், கேட்டில் போய் வாதாட வேண்டாம்.

எந்த வரிசை? கண்டீரவா அடிப்படையில் தடகள மைதானம். நடுவே ஓடுதளம் இருப்பதால் கீழ் வரிசையில் உட்கார்ந்தால் பந்து எந்தப் பக்கம் போகிறது என்பதே பிள்ளைகளுக்குப் புரியாது. மேலே ஏறுங்கள். ரசிகர்கள் அடிக்கும் மேளத்துக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம்.

உடையில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இரண்டு அணிக்கும் நீலம்தான். ஆகவே தெருவில் யாரும் உங்களை அடையாளம் காண மாட்டார்கள். மெட்ரோ கூட்டத்தில் உங்கள் பிள்ளையை உங்களாலேயே அடையாளம் காண முடியாது! கைபேசி எண்ணை மணிக்கட்டில் பேனாவால் எழுதிவிடுங்கள். டிசம்பர், ஜனவரி இரவுகளில் சென்னைப் பிள்ளைகளுக்கு அங்கே நடுங்கும், ஸ்வெட்டர் கட்டாயம்.

தண்ணீர் பாட்டில், பவர் பேங்க், குடை, வெளிச் சாப்பாடு எதையும் பொதுவாக உள்ளே விட மாட்டார்கள். பை வைக்கவும் இடம் இருக்காது. பெரிய பையை ரயில் நிலையத்துப் பொருள் காப்பறையில் விட்டுவிட்டு வாருங்கள். ஆறு மணிக்குள் வயிறாரச் சாப்பிட்டுவிடுங்கள். கழிவறைக்கு இடைவேளையில் போனால் வரிசை. 40-வது நிமிடமே கூட்டிப்போங்கள். அந்த ஐந்து நிமிடத்தில் கோல் விழுந்தால் அது பெரும்பாலும் நமக்கு விழும் கோலாகத்தான் இருக்கும், பாதகமில்லை.

பகலை வீணாக்காதீர்கள். காலை வண்டியில் வந்தால் கஸ்தூர்பா சாலையில் விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகம் இருக்கிறது. எஞ்சின்களும் டைனோசரும் பிள்ளைகளுக்கு மூன்று மணி நேரம் தாங்கும். ஸ்டேடியமும் கிட்டத்தான். சாயங்காலம் 0-3 ஆனாலும் டைனோசர் பார்த்தது பார்த்ததுதான்.

மூன்றாவது கோல் விழுந்ததும் எழுந்து போகலாமா? பத்து வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் 80-வது நிமிடத்தில் எழுவதில் குற்றமில்லை, மெட்ரோவும் காலியாக இருக்கும். அதற்கு மேல் வயதென்றால் பிள்ளையைக் கேளுங்கள். பெரும்பாலும் இருக்கவே சொல்லும். "ஏம்பா இவ்ளோ தூரம் வந்தோம்?" என்று ரயிலில் கேட்டால் நடுவரைத் திட்டாதீர்கள், மறுநாள் பள்ளியில் அதையே சொல்லும். இதே மைதானத்தில் 2018 மார்ச் 17 அன்று இந்தியன் சூப்பர் லீக் இறுதிப் போட்டியில் ஒன்பதாவது நிமிடமே பெங்களூரு அணியின் சேத்ரி கோல் போட்டதையும், நம் மெய்ல்சன் ஆல்வ்ஸ் தலையால் இரண்டு முட்டியதையும், கடைசியில் 3-2 என்று கோப்பையை நாம் தூக்கியதையும் சொல்லுங்கள். ஜோலார்பேட்டைக்குள் தூங்கிவிடும்.

கொச்சியில் ஆட்டம் என்றால் இந்த ஒருநாள் கணக்கு செல்லாது. சென்னைக்கான திருவனந்தபுரம் மெயிலும் ஆலப்புழை எக்ஸ்பிரஸும் ஏழரைக்கு முன்பே எர்ணாகுளத்தைத் தாண்டிவிடும். தங்கித்தான் ஆக வேண்டும்.

பெங்களூரிலிருந்து வரும் சென்னை மெயில் விடியுமுன்னே சென்ட்ரலில் இறக்கிவிடும். சென்னை மெட்ரோ ஓடத் தொடங்குவது ஐந்து மணிக்கு. அதுவரை காத்திருப்பு அறையில் பிள்ளையைப் படுக்க வையுங்கள். திங்கட்கிழமை என்றால் யூனிஃபார்மை ஞாயிறு கிளம்பும் முன்பே இஸ்திரி போட்டு மாட்டியிருக்க வேண்டும்.