இலங்கை செனட் சபையின் வரலாற்றை இராமநாதபுரக் கரையிலிருந்து தொகுப்பது எப்படி?

இலங்கையிலிருந்து வந்தோரைத் தங்கவைத்த மண்டபம் முகாம் வழியாக வந்த குடும்பங்களிலும், கொழும்பில் கடை வைத்திருந்த கீழக்கரை வீடுகளிலும் பழைய இலங்கைத் தாள்கள் இன்னும் டிரங்குப் பெட்டிகளில் கிடக்கின்றன. பாஸ்போர்ட், குடும்ப அட்டை, குடியுரிமை விண்ணப்பத்தின் நகல் என்று பலவகை. அந்தத் தாள்களைப் பிறப்பித்த சட்டங்கள் கொழும்பில் இரண்டு அவைகளுக்குப் போய் வந்தவை. கீழே பிரதிநிதிகள் சபை, மேலே செனட் சபை. பள்ளிக் கண்காட்சிக்கோ கல்லூரிக் கட்டுரைக்கோ இந்த வரலாற்றைத் தொகுப்பவர்கள் பெரும்பாலும் மேலவையை ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அதை ஒழுங்காகச் செய்ய வழி இருக்கிறது.

முதலில் ஆண்டுப் பட்டி. நீளமான சார்ட் தாளில் 1947 முதல் 1971 வரை 25 கட்டங்கள் போடுங்கள். பிரிட்டிஷ் ஆட்சியின் கடைசியில் வந்த சோல்பரி அரசியலமைப்பின்படி 1947-இல் செனட் தொடங்கியது. 1971 அக்டோபர் 2 அன்று அரசியலமைப்புத் திருத்தத்தின் மூலம் ஒழிக்கப்பட்டது. குடியரசு அரசியலமைப்பு வந்தது 1972 மே 22-இல்தான். செனட்டை ஒழித்தது குடியரசு அரசியலமைப்பு என்று எழுதுவது மிகப் பரவலான பிழை. ஏழு மாதத்துக்கு மேல் இடைவெளி இருக்கிறது.

பட்டியின் மேல்வரிசையில் சட்டங்களைக் குறியுங்கள்: 1948-இன் 18-ஆம் எண் குடியுரிமைச் சட்டம், 1949-இன் 3-ஆம் எண் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டம், அதே ஆண்டின் 48-ஆம் எண் தேர்தல் திருத்தச் சட்டம், 1967-இன் 14-ஆம் எண் இந்திய–இலங்கை ஒப்பந்த அமலாக்கச் சட்டம். கீழ்வரிசை நம் கரைக்கு: 1964 அக்டோபர் 30 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் (இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் யாரை எந்த நாடு ஏற்பது என்பது பற்றியது), அதே ஆண்டு டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல். வீட்டில் கிடைக்கும் ஒவ்வொரு தாளின் தேதியையும் பார்த்து உரிய கட்டத்தின் கீழ் ஒட்டுங்கள். அசலை அல்ல, நகலை. 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி விண்ணப்பிக்க 1951 ஆகஸ்ட் 5 வரைதான் அவகாசம் இருந்தது. தேதி மங்கிய விண்ணப்பம் எந்தக் கட்டத்துக்கு உரியது என்று தீர்மானிக்க இது உதவும்.

அசல் தாளை லேமினேட் செய்யவே கூடாது. உப்புக்காற்றில் ஏற்கெனவே ஈரம் ஏறிய தாளைச் சூடான பிளாஸ்டிக்குக்குள் அடைத்தால் மை கசியும், பிறகு பிரிக்கவும் முடியாது. நிழலில் வைத்து, பக்கத்தில் ஒரு அடிக்கோலைப் போட்டு, இரண்டு பக்கமும் படம் எடுங்கள். முத்திரைகள் பெரும்பாலும் பின்பக்கத்தில்தான் இருக்கும்.

அடுத்தது அவையின் அமைப்பு. மொத்தம் 30 பேர். 15 பேரைப் பிரதிநிதிகள் சபை தேர்ந்தெடுத்தது. மீதி 15 பேரைப் பிரதமரின் ஆலோசனைப்படி, பிரிட்டிஷ் முடியின் பிரதிநிதியான ஆளுநர் நாயகம் நியமித்தார். குறைந்த வயது 35. பதவிக்காலம் ஆறு ஆண்டு. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் ஓய்வு பெறுவார்கள். இதில் தொகுதி என்பதே கிடையாது. “யாழ்ப்பாணத் தொகுதி செனட்டர்” என்று எழுதினால் அங்கேயே தவறு. நம் சென்னை மேலவையோடும் குழப்ப வேண்டாம். பட்டதாரித் தொகுதியும் ஆசிரியர் தொகுதியும் இங்கேதான் இருந்தன, அதுவும் 1986 நவம்பர் 1 வரை.

தேர்தல் முறை ஒற்றை மாற்று வாக்கு, அதாவது வாக்களிப்பவர் வேட்பாளர்களை 1, 2, 3 என்று விருப்ப வரிசையில் குறிக்கும் முறை. வகுப்பில் செய்து காட்டினால்தான் இது பிடிபடும். 101 சீட்டுகள் வெட்டுங்கள். அன்றைய பிரதிநிதிகள் சபையில் 101 பேர். எல்லோரும் வாக்களித்ததாக வைத்துக்கொள்வோம். வெற்றிக்கு வேண்டிய வாக்கைக் கணக்கிட, மொத்த வாக்கை இடங்களோடு ஒன்று கூட்டிய எண்ணால் வகுத்து, பின்னத்தை விட்டுவிட்டு, ஒன்றைச் சேர்க்க வேண்டும். முதல் முறை 15 இடம்: 101-ஐ 16-ஆல் வகுத்தால் 6, ஒன்று கூட்டினால் 7. ஆக ஏழு உறுப்பினர் ஒன்றாக நின்றால் ஒரு செனட்டர் கிடைப்பார். பிறகு ஐந்து இடங்களுக்குத் தேர்தல் வரும்போது அதே கணக்கு 17 ஆகிவிடும். 1960-இல் பிரதிநிதிகள் சபை 157 பேராக விரிந்ததும் 27. சிறு கட்சிக்குக் கதவு எப்படிக் குறுகியது என்பதை இந்த மூன்று எண்களே காட்டிவிடும். மாணவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம், இரண்டாம் விருப்ப வாக்கையும் முதல் சுற்றிலேயே எண்ணிவிடுவது. தேவைக்கு மேல் விழுந்த வாக்கும், கடைசியில் நின்று விலக்கப்பட்டவரின் வாக்கும் மட்டுமே அடுத்த விருப்பத்துக்குப் போகும்.

அதிகாரத்தைப் பற்றி எழுதும்போது நிதானம் வேண்டும். பண மசோதாவைச் செனட் ஒரு மாதத்துக்கு மேல் தடுக்க முடியாது. மற்ற மசோதாக்களைத் தாமதப்படுத்தலாம். பிரதிநிதிகள் சபை அடுத்தடுத்த இரண்டு கூட்டத்தொடர்களில் நிறைவேற்றிவிட்டால் செனட்டின் எதிர்ப்பு நிற்காது. எனவே “செனட் நினைத்திருந்தால் குடியுரிமைச் சட்டத்தைத் தடுத்திருக்கும்” என்ற வாதத்துக்கு அடித்தளம் இல்லை.

ஆனால் ஆட்கள் விஷயத்தில் அது வெறும் ஒப்புக்கு இருந்த அவை அல்ல. குறைந்தது இரண்டு அமைச்சர்கள் செனட்டர்களாக இருக்க வேண்டும், அவர்களில் ஒருவர் நீதி அமைச்சர் என்பது விதி. செனட்டர்களைத் தேடுவோர்க்கு இது நல்ல குறுக்குவழி. நீதி அமைச்சர்களின் பட்டியலை எடுத்தால் லலித ராஜபக்ச முதல் 1965-இல் வந்த விஜேமான்ன வரை பெயர்கள் வரிசையாகக் கிடைக்கும். 1960 ஜூலையில் சிறிமாவோ பண்டாரநாயக்க பிரதமரானபோது பிரதிநிதிகள் சபையில் அவருக்கு இடம் இல்லை, செனட் வழியாகத்தான் நாடாளுமன்றத்துக்குள் வந்தார். 1964-இல் சாஸ்திரியோடு கையெழுத்திட்டவர் ஒரு செனட்டர். மண்டபத்துக்கு ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுவந்த ஒப்பந்தம் அது. கண்காட்சியில் குடும்ப அட்டை நகலுக்குப் பக்கத்தில் இந்தக் குறிப்பை வைக்கத் தவறாதீர்கள். தமிழரசுக் கட்சியின் மு. திருச்செல்வம் 1965 முதல் 1968 வரை உள்ளூராட்சி அமைச்சராக இருந்ததும் செனட்டராகத்தான். செனட்டராக இருந்த வழக்கறிஞர் சோ. நடேசனின் பேச்சுகளையும் தேடிப் படியுங்கள்.

பேச்சுகளுக்கு ஹன்சார்ட், அதாவது அவை விவாதங்களின் அச்சுப் பதிவு, பார்க்க வேண்டும். செனட் ஹன்சார்ட் தனித் தொகுதியாக அச்சானது. பிரதிநிதிகள் சபையின் தொகுதியைப் புரட்டிவிட்டு “கிடைக்கவில்லை” என்று திரும்புகிறவர்கள் அதிகம். மசோதாவின் இரண்டாம் வாசிப்பு நடந்த நாளை முதலில் கண்டுபிடியுங்கள், வாதம் அங்கேதான் இருக்கும். மேற்கோள் காட்டப் பக்க எண் வேண்டாம், பத்தி வரிசையின் எண்ணைக் குறியுங்கள். ஒரு பக்கத்தில் இரண்டு வரிசை, ஒவ்வொன்றுக்கும் தனி எண். தொடக்க ஆண்டுகளின் பேச்சுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். தமிழில் வேண்டுமானால் வீரகேசரி, தினகரன், 1959-க்குப் பிறகு ஈழநாடு. இலங்கைத் தமிழ் இதழ்களை மின்வடிவில் சேர்த்து வைத்திருக்கும் நூலகம் இணையதளத்தில் தேடும்போது செனட், செனற், மூதவை, மேற்சபை என நான்கு விதமாகவும் தட்டிப் பாருங்கள்.

இடங்களைக் குறிக்கும்போதும் கவனம். செனட் கூடியது கொழும்புக் கோட்டைப் பகுதியில் இருந்த பழைய சட்டசபைக் கட்டடத்தில், இன்றைய வெளியுறவு அமைச்சு. காலி முகத்திடலில் கடலைப் பார்த்து நிற்கும் தூண் கட்டடம் பிரதிநிதிகள் சபையுடையது. படத்தை மாற்றிப் போட்டுவிடுவார்கள்.

இராமேசுவரம், பாம்பன் பக்கம் கண்காட்சி வைத்தால் கச்சத்தீவு பற்றிக் கேள்வி நிச்சயம் வரும். ஒப்பந்தம் 1974 ஜூனில், அப்போது செனட் இல்லை. 1976 உடன்பாட்டுக்கும் இதே பதில்தான். ஆண்டுப் பட்டியின் வலது ஓரத்தில், 1971-க்கு அப்பால், இந்த இரண்டையும் வேறு நிற மையில் எழுதி வைத்துவிட்டால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக விளக்க வேண்டி வராது.