உள்தள்ளலை நம்பும் மொழிக்கு இலக்கணம் எழுதும்போது சறுக்கும் இடங்கள்

அடைப்புக்குறி வேண்டாம், பிளாக்கை (சேர்ந்து ஓடும் வரிகளின் தொகுதியை) மூட ஒரு சொல்லும் வேண்டாம், வரியைத் தள்ளி எழுதினால் போதும். இப்படி ஒரு குட்டி நிரல்மொழி செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதல் நாளே ஒரே குழியில் விழுகிறார்கள். நானும் விழுந்தேன். ஸ்பேஸை இலக்கண விதிக்குள்ளேயே எழுதப் பார்ப்பதுதான் அந்தக் குழி.

‘பிளாக் என்றால் 4 ஸ்பேஸ், அப்புறம் ஒரு கூற்று’ என்று விதி எழுதினால் முதல் நிலைக்கு அழகாக ஓடும். பிளாக்குக்குள் பிளாக் வந்ததும் 8-க்கு ஒரு விதி, 12-க்கு இன்னொன்று என்று முடிவில்லாமல் போகும். ஒரு பிளாக்கின் எல்லா வரிகளும் ஒரே அளவு தள்ளியிருக்கின்றனவா என்று பார்ப்பது எண்களை ஒப்பிடும் வேலை; எவ்வளவு ஆழமும் போகலாம் என்றால் சூழல்சாரா இலக்கணத்தால், அதாவது அக்கம்பக்கம் பார்க்காத விதிகளால், அதைச் செய்ய முடியாது. அந்த வேலையை, எழுத்துகளை டோக்கன் எனும் துண்டுகளாக வெட்டித் தரும் லெக்சரிடம் கொடுத்துவிட வேண்டும்.

பைத்தான் அப்படித்தான் செய்கிறது. லெக்சர் ஒரு ஸ்டாக் (கடைசியாகப் போட்டதை முதலில் எடுக்கும் அடுக்கு) வைத்திருக்கும். அதன் அடியில் 0. புது வரியின் ஸ்பேஸ் எண்ணிக்கை உச்சியில் உள்ள எண்ணைவிட அதிகம் என்றால் அதை மேலே போட்டு ஒரு ‘இன்டென்ட்’ டோக்கன் அனுப்பும். குறைவு என்றால் எண்களை எடுத்துக்கொண்டே வந்து, எடுத்த ஒவ்வொன்றுக்கும் ஒரு ‘டீடென்ட்’ அனுப்பும். டோக்கன்களை இலக்கணப்படி கோக்கும் பார்சரின் கண்ணுக்கு இவை இரண்டும் சாதாரணத் திறப்பு, மூடல் குறிகள்தான்.

‘ஒவ்வொன்றுக்கும்’ என்ற சொல்லைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

அ > 0 எனில்:
    ஆ > 0 எனில்:
        எழுது(ஆ)
எழுது(அ)

கடைசி வரி 8-இலிருந்து நேராக 0-க்கு இறங்குகிறது. இங்கே இரண்டு டீடென்ட் வர வேண்டும். ஒரு முறை கேட்டால் ஒரு டோக்கன் மட்டும் தரும் லெக்சர் என்றால் மிச்சத்தை வரிசையில் நிறுத்திவைக்க இடம் வேண்டும். இலக்கணத்திலிருந்து பார்சரை உருவாக்கித் தரும் ஆன்ட்லர் போன்ற கருவியிலும் இதை நாமே எழுதிச் சேர்க்க வேண்டியிருக்கும். ஸ்டாக்கில் 0, 4, 8 இருக்கும்போது 6 ஸ்பேஸோடு ஒரு வரி வந்தால்? ‘கிட்டத்தட்ட சரி’ என்று 4-ஓடு சேர்த்துவிடாதீர்கள். அங்கேயே பிழை சொல்லிவிடுவது நல்லது.

வெற்று வரியும், கருத்துக்குறிப்பு மட்டும் உள்ள வரியும் கணக்கில் வரக்கூடாது. ஃபங்ஷனின் நடுவே ஒரு வரியைத் தற்காலிகமாக முடக்கிய குறிப்பு இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால், அதற்காகப் பிளாக் மூடிக்கொள்ளலாமா? பல வரி நீளும் சரத்தின் (எழுத்துத் தொடரின்) உள்வரிகளுக்கும் இதே விதி. கோப்பு முடியும்போது ஸ்டாக்கில் மிச்சமிருக்கும் எண்களுக்கு டீடென்ட் அனுப்ப மறந்தால், கடைசி வரிக்குப் பின் என்டர் தட்டாத கோப்புகளிலும் சேர்ந்து மாட்டிக்கொள்வீர்கள்.

நிதானமாக யோசிக்க வேண்டிய இடம் அடைப்புக்குறி. பைத்தானில் ஒரு அடைப்புக்குறி திறந்திருக்கும் வரை வரிமுறிவும் உள்தள்ளலும் பொருட்டே இல்லை. அதனால்தான் நீளமான பட்டியலை இஷ்டம்போல் மடக்கி எழுத முடிகிறது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு: ஃபங்ஷனுக்கு அனுப்பும் மதிப்புகளுக்குள், அதாவது அடைப்புக்குறிக்குள், முழு பிளாக் ஒன்றை எழுத வழியில்லை. பைத்தானின் லாம்டாவில் (பெயரில்லா ஃபங்ஷனில்) ஒரு கோவைக்கு (மதிப்பு தரும் ஒரு துண்டுக்கு) மேல் எழுத முடியாததற்கு இதுவும் ஒரு காரணம். உங்கள் மொழியில் பெயரில்லா ஃபங்ஷன்களை அங்கங்கே எழுத விட வேண்டும் என்றால், லெக்சர் உள்தள்ளலைப் பார்க்கும் நிலைக்கும் பார்க்காத நிலைக்கும் மாறி மாறிப் போக வேண்டும். அதற்கும் ஒரு ஸ்டாக். இலக்கணம் பாதி எழுதிய பிறகு இதைச் செருகுவது பெரும்பாடு. முதலிலேயே முடிவெடுங்கள்.

ஹாஸ்கெல் என்ற நிரல்மொழி போவது வேறு பாதை. ‘லெட் அ = 1 இன் அ + 1’ என்று ஒரே வரியில் எழுதலாம். ‘லெட்’ திறந்த பிளாக்கை ‘இன்’ வரும்போது மூட வேண்டும். ஆனால் வரியே மாறவில்லையே! அதற்கு அந்த மொழியின் விதி: அடுத்த டோக்கன் பிழையாகிறது, பிளாக்கை மூடினால் பிழை போய்விடும் என்றால், மூடிவிடு. எழுதுகிறவருக்குச் சுகம்தான். பார்சர் செய்கிறவருக்கோ, லெக்சர் பார்சரைக் கேட்காமல் ஓரடி நகர முடியாது என்ற தலைவலி. முதல் மொழியிலேயே இதைப் பார்த்து எழுத வேண்டாம் என்பது என் கருத்து.

டேப் விஷயத்தில் தாராளம் காட்டாதீர்கள். பைத்தான் 3 ஒவ்வொரு உள்தள்ளலையும் டேப் 8 என்று ஒரு கணக்கு, 1 என்று ஒரு கணக்கு போட்டுப் பார்க்கிறது. முந்தைய வரியைவிட அதிகமா, குறைவா, சமமா என்பதற்கு இரண்டு கணக்கும் ஒரே விடை தராவிட்டால் பிழை. அமைப்புக் கோப்புகளை எழுதப் பயன்படும் யாமல் வடிவம் உள்தள்ளலில் டேபையே தடை செய்கிறது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு யாமலின் வழி எளிது.

கடைசியாக ஊடாடும் ஷெல், அதாவது வரி வரியாகத் தட்டி உடனே ஓட்டிப் பார்க்கும் இடம். கோப்பில் வெற்று வரிக்குப் பொருளில்லை என்றோம். ஷெல்லில் ‘பிளாக் முடிந்தது, ஓட்டு’ என்று சொல்ல வேறு வழி இல்லாததால், பைத்தானின் வழக்கமான ஷெல் வெற்று வரியையே அதற்கு எடுத்துக்கொண்டது. கோப்பில் ஒழுங்காக ஓடிய ஃபங்ஷனை, நடுவில் ஒரு வெற்று வரியோடு 3.13-க்கு முந்தைய பைத்தானின் ஷெல்லில் ஒட்டினால் பாதியிலேயே மூடிக்கொண்டு, அடுத்த வரிக்கு ‘எதிர்பாராத உள்தள்ளல்’ என்று திட்டும்.