ஜெட் ஸ்கீக்குள் தண்ணீர்: எங்கே என்று தேடும் முன், எப்போது என்று பாருங்கள்

"அண்ணே, சீட்டைத் தூக்கினா எஞ்சினுக்குக் கீழே ஒரு வாளி தண்ணி நிக்குது. எஞ்சின் போச்சா?" சிங்கப்பூரில் பொங்கோல் பக்கம் ஜெட் ஸ்கீ நிறுத்தியிருக்கும் தம்பி ஒருவர் இப்படித்தான் பதறிக்கொண்டு அழைத்தார். எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை. ரப்பர் குழாயை இறுக்கிப் பிடிக்கும் கிளிப் ஒன்று துருப்பிடித்து அறுந்திருந்தது. சில வெள்ளியில் வேலை முடிந்தது. ஆனால் அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு சனிக்கிழமை முழுக்கப் போனது. அன்று செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். ஸ்பேனர் பிடித்துப் பழகாதவர்களும் பெரும்பகுதியைச் செய்யலாம்.

முதலில் உங்கள் வண்டி எப்படிக் குளிர்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். யமஹா, கவாசாகி வண்டிகளில் பின்புற ஜெட் பம்ப் தள்ளும் கடல்நீரில் ஒரு பங்கு எஞ்சினுக்குள்ளேயே ஓடி, புகைக்குழாயையும் குளிர்வித்துவிட்டு வெளியேறும். சீ-டூவின் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினுக்குள் ஓடுவது காரில் இருப்பதுபோல் கூலண்ட். ஆனால் அங்கேயும் புகைக்குழாயைக் குளிர்விப்பது கடல்நீர்தான். ஆக, எந்த வண்டியானாலும் உப்புநீர் ஓடும் குழாய்கள் உள்ளே இருக்கின்றன.

படி 1: ஸ்டார்ட் செய்யாதீர்கள்

சீட்டைக் கழற்றிச் சில நிமிடம் காற்றாட விடுங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் காரணம் தெரியும்வரை எதையும் இயக்க வேண்டாம். பிறகு ஆயில் குச்சியை எடுத்துத் துடைத்துப் பாருங்கள். ஆயில் தேநீரில் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் எஞ்சினுக்குள் போய்விட்டது. அதற்கான வழி கடைசியில். ஆயில் தெளிவாக இருந்தால் நிம்மதியாக மேலே படியுங்கள்.

படி 2: வண்டியின் அடிவயிற்றைத் துடைத்துக் காயவிடுங்கள்

பஞ்சால் ஒற்றி எடுத்து வாளியில் சேருங்கள். பின்புறத் திருகுமூடியைத் திறந்து அப்படியே வடித்துவிட ஆசையாக இருக்கும். தண்ணீரில் எண்ணெய்ப் படலம் மின்னினால் அதைச் செய்யாதீர்கள். எண்ணெய் கலந்த நீரைக் கடலிலோ வடிகாலிலோ விடுவது இங்கே குற்றம். வண்டி நிறுத்துமிடத்தில் கழிவு எண்ணெயை எங்கே கொடுப்பது என்று கேளுங்கள்.

காய்ந்ததும் டார்ச் அடித்து ஒவ்வொரு குழாயையும் பாருங்கள். உப்புநீர் கசிந்த இடத்தில் வெள்ளைத் தடம் நிற்கும். தண்ணீர் கீழே வழிந்துதான் சொட்டும் என்பதால், சொட்டும் இடத்தைக் குற்றவாளி என்று எடுத்துக்கொள்ளாமல் தடத்தை மேல்நோக்கிப் பின்தொடருங்கள். நாங்கள் அன்று தவறவிட்டது இதைத்தான். கீழே நனைந்திருந்த நல்ல குழாயைக் கழற்றி மாட்டியே காலைப்பொழுது போய்விட்டது.

படி 3: எஞ்சினை அணைத்தபடி மிதக்கவிடுங்கள்

என் கணிப்பில் எல்லாவற்றையும்விட முக்கியமான சோதனை இது. திருகுமூடிகளை மூடி, வண்டியைத் தண்ணீரில் இறக்கி, மேடையோடு கட்டி, 15 நிமிடம் சும்மா விடுங்கள். சீட் திறந்தே இருக்கட்டும்.

அப்போதே தண்ணீர் ஏறினால் குளிர்விக்கும் குழாய்கள்மேல் பெரும்பாலும் குற்றமில்லை. மூன்று இடங்களைப் பாருங்கள். ஒன்று, திருகுமூடிகளின் ரப்பர் வளையம். மணல் சிக்கியிருக்கலாம், வெடித்திருக்கலாம். இரண்டு, எஞ்சினிலிருந்து பம்புக்குப் போகும் தண்டு உடலைத் துளைத்து வெளியேறும் இடம். பல சீ-டூ வண்டிகளில் அங்கே கார்பன் வளையம் ஒன்றை மடிப்பு ரப்பர் அழுத்திப் பிடித்திருக்கும். ரப்பர் கிழிந்தால் கசியும். தண்டு சுழலும்போது தண்ணீரை வீசியடிப்பதால் சுற்றுச்சுவரில் கோடு போட்டதுபோல் தெறித்த தடம் இருக்கும். யமஹாவில் அந்த இடத்தில் பேரிங்கும் ஆயில் சீலும் இருக்கும். மூன்று, தேங்கிய நீரைத் தானாக உறிஞ்சி வெளியேற்றும் மெல்லிய குழாய். அதன் மேல் வளைவில் காற்று போக ஒரு நுண்துளை உண்டு. அது உப்பால் அடைபட்டால், வண்டி நிற்கும்போது கடல்நீர் அதே குழாய்வழியே உள்ளே திரும்பி வரும். ஊசியால் குத்திவிட்டால் போதும்; இதைப் பலரும் பார்ப்பதே இல்லை.

படி 4: கரையில் ஓடவிட்டுப் பாருங்கள்

மிதக்கும்போது கசியவில்லையா? அப்படியானால் எஞ்சின் ஓடும்போது அழுத்தம் ஏறும் குழாய்களைச் சந்தேகிக்கலாம். டிரெய்லரில் ஏற்றி, எஞ்சினைக் கழுவுவதற்கான முனையில் தண்ணீர்க் குழாயை மாட்டுங்கள். எஞ்சினை முதலில் ஸ்டார்ட் செய்து, உடனே தண்ணீரைத் திறக்க வேண்டும். நிறுத்தும்போது தண்ணீரை முதலில் மூடி, பிறகு எஞ்சினை அணைக்க வேண்டும். வரிசை மாறினால் புகைக்குழாயில் தேங்கும் தண்ணீர் பின்னோக்கிச் சிலிண்டருக்குள் போகும். தண்ணீர் இல்லாமல் 15 விநாடிக்கு மேல் ஓடக்கூடாது. சீ-டூவை மொத்தமாகவே 2 நிமிடத்துக்கு மேல் இப்படி ஓட்டாதீர்கள். அந்தத் தண்டு சீலுக்கு (படி 3இல் பார்த்த கார்பன் வளையம்) தண்ணீருக்கு வெளியே குளிர்ச்சி கிடைக்காது.

இன்னொருவர் தண்ணீர்க் குழாயைப் பார்த்துக்கொள்ள, நீங்கள் இணைப்புகளைப் பாருங்கள். சுழலும் தண்டின் அருகே கையோ துணியோ போகக்கூடாது. இதிலும் தெரியாவிட்டால் காய்ந்த இணைப்புகள்மேல் முகப்பவுடர் தூவி, சீட்டை மாட்டி, கடலில் 5 நிமிடம் ஓட்டிவிட்டு வந்து திறந்து பாருங்கள். கசிந்த இடத்தில் பவுடர் கோடாகக் கரைந்திருக்கும். தம்பியின் வண்டியில் எங்களுக்கு வழிகாட்டியது இதுதான்: புகைக்குழாய்க்குப் போகும் குழாயின் பின்புறம், கண்ணுக்கே தெரியாத ஒரு கிளிப். சோதனை ஓட்டம் என்றாலும், ஓட்டுபவரிடம் கடல்துறை, துறைமுக ஆணையத்தின் உல்லாசப் படகு ஓட்டுநர் உரிமம் இருக்க வேண்டும்.

படி 5: குழாயை மாற்றுதல்

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். எஞ்சின் ஆறட்டும். பழைய குழாயை இழுத்துப் பிடுங்காமல் நீளவாட்டில் கீறிக் கழற்றுங்கள். அது மாட்டியிருக்கும் அலுமினிய முனை எளிதில் உடையும். முனையில் படிந்த உப்பை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தெடுங்கள். அரித்துக் குழி விழுந்திருந்தால் புதுக் குழாயும் அங்கே நிற்காது, முனையையே மாற்ற வேண்டும். உள்விட்டத்தை அளந்து, அதே அளவில் வெப்பம் தாங்கும் குழாய் வாங்குங்கள். ஜாலான் புசார் வன்பொருள் கடைகளில் கிளிப் வாங்கும்போது 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு என்று கேளுங்கள், திருகும் அதே ரகமா என்று பாருங்கள். பட்டை மட்டும் நல்ல எஃகாக, திருகு சாதாரண இரும்பாக வரும் கிளிப்புகள் உண்டு. காந்தம் பலமாக ஒட்டினால் வேண்டாம். சோப்புநீர் தடவி முனையின் மேடு தாண்டும்வரை தள்ளி, மேட்டுக்குப் பின்னால் கிளிப்பை இறுக்குங்கள். பட்டை ரப்பருக்குள் புதைந்து வெட்டும் அளவுக்கு வேண்டாம். சிலிகான் பசையை வெளியே பூசி அடைப்பதும் வேண்டாம், கடலில் ஒரே ஓட்டத்தில் உரிந்துவிடும்.

ஆயில் வெளுத்திருந்தால்

அன்றே செயல்படுங்கள், உப்புநீர் பேரிங்குகளை விரைவாக அரிக்கும். தண்ணீர் அமுங்காது என்பதால், சிலிண்டரில் அது இருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளையலாம். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, தீப்பொறி வராதபடி செய்து, முகத்தை விலக்கி வைத்துக்கொண்டு சில விநாடிகள் மட்டும் சுற்றவிட்டால் தண்ணீர் பீய்ச்சி வெளியேறும். தீப்பொறியை எப்படித் துண்டிப்பது என்பது வண்டிக்கு வண்டி மாறும். உங்கள் கையேட்டைப் பாருங்கள். ஆயிலையும் ஃபில்டரையும் ஒருமுறை மாற்றினால் போதாது, நிறம் தெளியும்வரை மாற்ற வேண்டும். வண்டி கவிழ்ந்ததால் தண்ணீர் போயிருந்தால் இதோடு முடியலாம். கவிழாமலே போயிருந்தால் ஹெட் கேஸ்கெட், ஆயில் கூலர் போன்றவை பழுதாகியிருக்கலாம். அதையும் தண்டு சீலையும் மெக்கானிக்கிடம் விடுங்கள்.

பழுது பார்த்தபின் படி 3, படி 4 இரண்டையும் மறுபடி செய்யுங்கள். முதல் இரண்டு ஓட்டங்களுக்குப் பிறகு புது ரப்பர் சூட்டில் படிந்து கிளிப் தளர்ந்திருக்கும். ஆறியதும் கால் சுற்று இறுக்கி, சீட்டைத் திறந்துவைத்துக் காயவிடுங்கள்.