கில்ட் மடிப்பு: கட்டத்துக்கு வைப்பதா, கோட்டுக்கு வைப்பதா?

அளவெடுக்கவும் கைத்தையல் போடவும் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேராக மடிப்புக்கு வருகிறேன், ஏனென்றால் கில்ட்டின் (ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் கட்டும் மடிப்புப் பாவாடை) அழகு முழுக்கப் பின்பக்கத்தில்தான் இருக்கிறது.

முதலில் வகை. 1790களின் கில்ட்டுகளில் இருந்தது அகலமான பாக்ஸ் ப்ளீட், அதாவது இரண்டு பக்கமும் உள்ளே மடிந்த பெட்டி மடிப்பு; 4 கஜம் துணி போதும். 1854-இல் கார்டன் ஹைலேண்டர்ஸ் என்ற ஸ்காட்லாந்துப் படைப்பிரிவு ஒரே பக்கம் சாயும் நைஃப் ப்ளீட்டுக்கு மாறியது, இன்று பெரும்பாலும் அதுதான். இதற்கு 8 கஜம் வரை வேண்டும். இரட்டை அகலத் துணி என்றால் 4 கஜம் வாங்கி நீளவாக்கில் இரண்டாகக் கிழித்துக்கொள்ளலாம்.

அடுத்து, மடிப்பில் எது தெரிய வேண்டும்? கட்டத்துக்கு மடித்தால் பின்பக்கமும் முன்பக்கம் மாதிரியே முழு டார்ட்டனாக, அதாவது கில்ட் துணியின் பலநிறக் கட்டம் போட்ட வடிவமாகத் தெரியும். கோட்டுக்கு மடித்தால் எல்லா மடிப்பிலும் ஒரே கோடு நடுவில் நிற்கும், கார்டன் படையினருக்கு அது மஞ்சள் கோடு. எனக்குப் பிடித்தது இதுதான்: நடக்கும்போது உள்ளே ஒளிந்திருக்கும் நிறமெல்லாம் விசிறி விசிறி வெளியே வரும்.

சரி, எல்லோரும் சிக்கிக்கொள்ளும் கணக்கு இது. டார்ட்டனின் கட்டம் ஒருமுறை முடிந்து மறுபடி தொடங்கும் தூரத்தை 'செட்' என்பார்கள். அது 6 அங்குலம், ஒரு மடிப்பு வெளியே தெரிவது முக்கால் அங்குலம் என்று வையுங்கள். கோட்டுக்கு என்றால் மடிப்புக்கு மடிப்பு சரியாக 6 அங்குலம் நகர்ந்தால் போதும். கட்டத்துக்கு என்றால் 6¾ நகர வேண்டும், அப்போதுதான் அடுத்த மடிப்பில் டார்ட்டனின் அடுத்த முக்கால் அங்குலம் தெரியும். அந்த முக்காலைச் சேர்க்காமல் 6-க்கே மடித்துக்கொண்டு போனால் கட்டத்துக்கு நினைத்தது கோட்டுக்கு வந்து நிற்கும். 27 மடிப்புக்குக் கோட்டுக்கு என்றால் 162 அங்குலம், கட்டத்துக்கு என்றால் 182 அங்குலத்துக்கும் மேல். முன்பக்கம் மடிப்பில்லாமல் ஒன்றன்மேல் ஒன்று படியும் ஏப்ரன்களுக்குத் துணி தனி. கத்திரியைத் தொடும் முன் இதைத் தாளில் போட்டுவிடுங்கள்.

அப்புறம், குண்டூசியை மட்டும் நம்பாதீர்கள், கனமான கம்பளியில் நழுவும். ஒவ்வொரு மடிப்புக்கும் ஓட்டுத்தையல் போடுங்கள். பிட்டத்தில் முக்கால் அங்குலமாக இருப்பது இடுப்புக்கு வரும்போது குறுக வேண்டும், 27 மடிப்புக்கு இடுப்பின் பின்பாதி 17 அங்குலம் என்றால் ஒவ்வொன்றும் 0.63 அங்குலம். கோட்டுக்கு மடிப்பவர்கள் இரண்டு ஓரத்திலும் சமமாகக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் கோடு சாய்ந்துவிடும்.

பின்சேர்க்கை: செட் 9 அங்குலமாக இருந்தால் துணி எகிறுமே என்று கேட்டிருந்தார்கள். மடிப்பை 1 அங்குலமாக்கி எண்ணிக்கையை 20 ஆகக் குறையுங்கள், கோட்டுக்கு 180 அங்குலத்தில் முடியும்.