பெரிய படிவம் சர்வரில் சேராதபோது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேரள எல்லையோரத்தில் உள்ள கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் பக்கத்துப் பால் சங்கம் ஒன்றில் நாள் கணக்குப் படிவம் சேமிக்கப்படவில்லை என்று புகார் வந்தால், பலர் உடனே சர்வரின் அளவு வரம்பைக் கூட்டிவிடுகிறார்கள். அனுப்பிய தரவு எதுவரை போய் நின்றது என்று பாராமல் வரம்பில் கைவைப்பதே முதல் தவறு. கோரிக்கைகளை முதலில் வாங்கும் வலை சர்வரான என்ஜின்எக்ஸ் (nginx) இயல்பாக 1 எம்பி வரைதான் ஏற்கும். மீறினால் 413 என்ற பிழையுடன் திருப்பிவிடும். அப்போது நிரலின் லாகில் (பதிவுக் கோப்பில்) எதுவும் பதிவாகாது என்பதால், அங்கே தேடுவது வீண். என்ஜின்எக்ஸ் வரம்பைக் கூட்டிய பிறகும் நிரலை இயக்கும் மொழியான பிஎச்பியின் (PHP) 8 எம்பி வரம்பு காத்திருக்கும். அதைத் தாண்டினால் படிவத்தின் எல்லா மதிப்புகளும் காலியாகவே நிரலுக்குக் கிடைக்கும். படிவம் நம் பக்கத்திலிருந்துதான் வந்தது என்று காட்டும் பாதுகாப்பு டோக்கனும் அவற்றோடு போய்விடுவதால், நிரல் டோக்கன் பிழையைக் காட்டும். அதை நம்பி செஷன் (பயனரின் உள்நுழைவு) அமைப்புகளைக் குடைந்துகொண்டிருப்பவர்கள் உண்டு.

அளவை மட்டும் பார்த்துவிட்டுப் பெட்டிகளின் எண்ணிக்கையை மறப்பது இதைவிட ஆபத்தானது. ஒரு சங்கத்தில் 180 உறுப்பினர்கள் என்றும், ஒவ்வொருவருக்கும் உறுப்பினர் எண், காலைப் பால், மாலைப் பால், கொழுப்பு, எஸ்.என்.எஃப். (கொழுப்பல்லாத திடப்பொருள்), குறிப்பு என 6 பெட்டிகள் என்றும் கொள்வோம். மொத்தம் 1080 பெட்டிகள். பிஎச்பி ஏற்கும் பெட்டிகளின் எண்ணிக்கை வரம்பான 'மேக்ஸ் இன்புட் வார்ஸ்' (max_input_vars) இயல்பாக 1000 என்பதால், 166 வரிசைகள் முழுதாகச் சேரும். 167ஆவது வரிசையில் கொழுப்பு வரை வந்து நின்றுவிடும். மீதி 13 பேரின் பால் கணக்கில் ஏறவே ஏறாது. எச்சரிக்கை லாகில் மட்டும் விழும். திரையில் 'சேமிக்கப்பட்டது' என்றே வரும். இந்த வரம்பை நிரலுக்குள் ini_set கட்டளை மூலம் மாற்ற முடியாது. அமைப்புக் கோப்பில் மாற்றி பிஎச்பியை இயக்கும் சேவையான எஃப்பிஎம்மை (FPM) மறுதொடக்கம் செய்ய வேண்டும். அதிலும் எஃப்பிஎம்முக்கான கோப்பை விட்டுக் கட்டளை வரிக்கான கோப்பைத் திருத்திவிட்டு மாறவில்லையே என்று குழம்புவது வழக்கமான கதை. பெட்டி பெட்டியாக அனுப்பாமல், முழுக் கணக்கையும் ஒரே ஜேசானாக (JSON எனும் உரை வடிவில்) அனுப்புவது என் பார்வையில் நல்ல வழி.

குறிப்புகள் தமிழிலோ மலையாளத்திலோ இருந்தால் எழுத்தெண்ணிக்கையை வைத்து அளவைக் கணிக்கக் கூடாது. எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யுடிஎஃப்-8 முறையில் 'பால்' என்ற சொல்லுக்கே 12 பைட்டுகள் ஆகும். சாதாரணப் படிவக் குறியாக்கத்தில் அது 36 ஆகிவிடும்.

பிரவுசர் கன்சோலில் கோர்ஸ் பிழை (CORS, வேறு தளத்தின் பதிலைப் படிக்க அனுமதி இல்லை என்பது) தெரிந்தவுடன் கோர்ஸ் அமைப்பைத் திருத்தக் கிளம்புவதும் தவறு; என்ஜின்எக்ஸ் அனுப்பும் 413 பதிலில் கோர்ஸ் அனுமதியைச் சொல்லும் ஹெடர் (தலைப்புக் குறிப்பு) இல்லாததாலும் அதே பிழை வரும். நெட்வொர்க் பக்கத்தில் நிலை எண்ணைப் பார்த்தாலே போதும். கோப்புகளை ஜாவாஸ்கிரிப்டின் ஃபார்ம்டேட்டாவாக (FormData) ஃபெட்ச் (fetch) வழியே அனுப்பும்போது தரவின் வகையைச் சொல்லும் கன்டென்ட்-டைப் ஹெடரை நாமே எழுதவும் கூடாது. எழுதினால் பகுதிகளுக்கிடையே எல்லை காட்டும் பவுண்டரி விடுபட்டு, சர்வரால் பகுதிகளைப் பிரிக்க முடியாமல் போகும்.

எல்லையோரத்தில் அலைபேசி கேரளக் கோபுரத்துக்கும் தமிழ்நாட்டுக் கோபுரத்துக்கும் மாறும் இடங்களில், கணக்கு சர்வரில் சேர்ந்த பிறகு பதில் மட்டும் வழியில் தொலையக்கூடும். பயனர் மீண்டும் பொத்தானை அழுத்தினால் ஒரே பால் இருமுறை ஏறிவிடும். பொத்தானை முடக்கி வைப்பது இதற்குப் போதாது, பக்கத்தைப் புதுப்பித்தால் அது மறுபடி உயிர்பெற்றுவிடும். சங்க எண், தேதி, உறுப்பினர் எண் மூன்றும் சேர்ந்து திரும்ப வராதபடி தரவுத்தளத்திலேயே தடை வைத்து, இரண்டாம் முறை வருவதைப் புதுப்பித்தலாக ஏற்க வேண்டும்.