லேப்டாப் ஆன் ஆகவில்லையா? பதற்றத்தில் இதையெல்லாம் செய்துவிடாதீர்கள்

லேப்டாப் திடீரென்று ஆன் ஆகாமல் போனால் பெரும்பாலோர் பவர் பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்துகிறார்கள். அதற்கும் மசியவில்லை என்றால், யாரோ சொன்னதைக் கேட்டு விண்டோஸை ரீசெட் செய்துவிடுகிறார்கள். நடுவில் கொஞ்ச நேரம் நிதானமாகப் பார்த்திருந்தால் பல லேப்டாப்கள் செலவில்லாமலே சரியாகியிருக்கும். உள்ளே இருந்த போட்டோக்களும் கணக்குவழக்குகளும் பிழைத்திருக்கும். எனக்குப் பெரிய கவலை அந்த இரண்டாவது விஷயம்தான்.

எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பார்க்காமல் கை வைப்பது முதல் தவறு. விளக்கே எரியவில்லை, ஃபேன் சத்தமும் இல்லை என்றால் சார்ஜர், பேட்டரி, மதர்போர்டு (எல்லாப் பாகங்களையும் இணைக்கும் முதன்மைப் பலகை) இந்த வழியில்தான் கோளாறு. ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கருப்பு என்றால் ரேமையும் (தற்காலிக நினைவகம்) டிஸ்பிளேயையும் சந்தேகப்பட வேண்டும். லோகோ வந்து அங்கேயே நின்றால்தான் டிஸ்க், விண்டோஸ் பக்கம் போக வேண்டும். திரை கருப்பாக இருக்கும்போது செல்போன் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தால் லேப்டாப் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, திரையின் பின்விளக்குதான் எரியவில்லை. ஹெச்டிஎம்ஐ கேபிளால் டிவியில் இணைத்தும் பார்க்கலாம். சில மாடல்களில் கேப்ஸ் லாக் விளக்கோ சார்ஜிங் விளக்கோ குறிப்பிட்ட எண்ணிக்கையில் விட்டுவிட்டு மின்னும். எந்தப் பாகத்தில் பழுது என்று லேப்டாப்பே சொல்லும் கணக்கு அது. அதை வீடியோ எடுத்து வைத்து, உங்கள் மாடலுக்கான கையேட்டில் பாருங்கள்.

அடுத்தது சார்ஜர். டைப்-சி பின் பொருந்துகிறது என்று போன் சார்ஜரைச் செருகினால், 45 அல்லது 65 வாட் கேட்கும் லேப்டாப்புக்கு அது போதாது. உருண்டைப் பின் சார்ஜரில் ஆபத்து இன்னும் அதிகம். பின் சரியாக உட்கார்ந்தாலும் வோல்ட் வேறாக இருக்கலாம். அடியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள்: வோல்ட் அதே அளவாக இருக்க வேண்டும், ஆம்பியர் அதே அளவோ கூடுதலாகவோ இருக்கலாம். சரியான சார்ஜர் போட்டும் அசையவில்லையா? சார்ஜர், பென் டிரைவ் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். அப்புறம் சார்ஜரை மட்டும் மாட்டி, அரை மணி நேரம் விட்டு ஆன் செய்யுங்கள். போர்டில் தேங்கிய மின்சாரம் வடிந்து, பவரைக் கவனிக்கும் சிப் புதிதாகத் தொடங்க இது உதவும். இதைச் செய்யாமலே கடைக்கு ஓடுபவர்கள் ஏராளம்.

தண்ணீரோ காபியோ கொட்டியிருந்தால் மேலே சொன்ன எதையும் முயற்சிக்காதீர்கள். ஈரத்தோடு சார்ஜரை மாட்டுவதுதான் போர்டை எரிக்கும். அரிசி மூட்டைக்குள் வைப்பதால் உள்ளே போன சர்க்கரையும் உப்பும் வெளியே வந்துவிடாது. டச்பேட் மேலே எழும்பி நிற்கிறதா? பேட்டரி உப்பியிருக்கலாம். அதை அழுத்தவும் வேண்டாம், சார்ஜ் போடவும் வேண்டாம்.

ரேமைக் கழற்றி மாட்டினால் சரியாகும் என்பது பல சமயம் உண்மைதான். ஆனால் உள்பேட்டரியின் கனெக்டரை முதலில் பிடுங்காமல் ஸ்க்ரூடிரைவரோடு உள்ளே போகாதீர்கள். சார்ஜர் இல்லாவிட்டாலும் போர்டில் மின்சாரம் இருக்கும்.

இனி டேட்டா. ரீசெட் செய்யும்போது ‘எல்லாவற்றையும் அழி’ என்பதைத் தெரியாமல் அழுத்திவிட்டு அழுபவர்கள் உண்டு. ‘கோப்புகளை வைத்துக்கொள்’ என்று கேட்டாலும் நீங்கள் நிறுவிய மென்பொருள்கள் போய்விடும். விண்டோஸ் எழவில்லை என்பதால் டிஸ்க்கில் இருப்பது அழிந்துவிட்டதாக அர்த்தம் இல்லை. எஸ்எஸ்டியை (புதிய லேப்டாப்களில் டேட்டாவைச் சேமிக்கும் டிஸ்க்) கழற்றி யூஎஸ்பி உறையில் போட்டு வேறு கணினியில் திறக்கலாம், லினக்ஸ் என்ற வேறு இயங்குதளம் உள்ள பென் டிரைவிலிருந்து லேப்டாப்பைத் தொடங்கியும் நகலெடுக்கலாம். ஹார்ட் டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போட்டால் உடனே நிறுத்துங்கள். சாகக் கிடக்கும் டிஸ்க்கில் ரிப்பேர் கட்டளை ஓட்டினால் மிச்சமிருப்பதும் போகலாம்.

இதில் பலரும் அறியாத ஒரு பூட்டு இருக்கிறது. பல புதிய விண்டோஸ் 11 லேப்டாப்களில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே டிஸ்க் தானாகவே என்கிரிப்ட் ஆகிவிடுகிறது, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்படுகிறது. பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்பு) ‘செக்யூர் பூட்’ என்ற பாதுகாப்பு அமைப்பை மாற்றினால், சாவிகளைக் காக்கும் டிபிஎம் சிப்பில் உள்ளதை அழித்தால், எஸ்எஸ்டியை வேறு கணினியில் போட்டால், விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கர் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அது இல்லையென்றால் யாராலும் திறக்க முடியாது. 2024 ஜூலை 19 அன்று கணினிப் பாதுகாப்பு நிறுவனமான கிரவுட்ஸ்டிரைக்கின் பழுதான அப்டேட்டால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றன. தீர்வு, சேஃப் மோடில் (விண்டோஸ் அத்தியாவசியமானவற்றோடு மட்டும் ஓடும் நிலை) ஒரு கோப்பை அழிப்பதுதான். ஆனால் பல அலுவலகங்களில் அதற்குத் தேவைப்பட்ட மீட்புச் சாவியைத் தேடவே நேரம் கரைந்தது. உங்கள் சாவி பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே இருக்கும். போனில் உள்நுழைந்து இப்போதே ஒரு தாளில் எழுதி வையுங்கள். பயாஸில் விளையாடுவது அதற்கு அப்புறம்.

கடையில் “மதர்போர்டு போயிடுச்சு சார்” என்றதும் தலையாட்டிவிடாதீர்கள். ஒரு மின்தேக்கியோ சார்ஜிங் சிப்போ மட்டும் போயிருந்தால் சிப் லெவல் சர்வீஸில் சரிசெய்யலாம். இன்னொரு கடையிலும் கேளுங்கள். போர்டை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், முன்னதாகவே அந்தச் சாவி கையில் இருக்கட்டும். புதிய போர்டில் பழைய டிஸ்க் அதைக் கேட்கும். எஸ்எஸ்டியைக் கழற்றி நீங்களே வைத்துக்கொண்டு கொடுக்க முடிந்தால் அப்படியே செய்யுங்கள். வேலை முடிந்ததும் கழற்றிய பழைய போர்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.